வராது என்று நான் சொன்ன வெள்ளிக்கிழமை

ஓய்வு பெற்று ஏழு வருடமாகிவிட்டது. என்னுடைய கைத்தொலைபேசிக்கு மட்டும் இன்னும் ஓய்வு கிடைத்தபாடில்லை. ஆடு தின்னவில்லை, கோழி தூங்கி விழுகிறது, பூனை மீன்முள்ளை விழுங்கிவிட்டது என்று ஆளாளுக்குக் கோல் எடுப்பார்கள். கடந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கையில் எடுத்தவள் ஷிபானா. கல்முனைப் பக்கத்தில் நான் கடைசியாக இருந்த மிருக வைத்தியக் கந்தோரில், நான் பார்த்த அதே வேலையைப் பார்க்கிறவள். கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர் என்பது எங்கள் பதவியின் முழுப்பெயர். அதை முழுதாகச் சொல்லி யாரும் எங்களைக் கூப்பிட்டதில்லை. மாட்டு டொக்டரோடு வருகிற ஆள் என்றால் ஊருக்கு விளங்கும்.

"சேர், மாட்டுத் தோல்ல கட்டி கட்டியா வருதே ஒரு வருத்தம், அது மனுசனுக்கும் தொத்துமாம் எண்டு வட்சப்புல படம் போகுது. குர்பானுக்கு அறுக்க மாடு வாங்கின ஆக்கள் திருப்பிக் குடுக்கப் பாக்கிறாங்க. நாங்க சொன்னா ஆரும் கேக்கிறாங்க இல்ல. ஒங்கட குரல் எல்லாருக்கும் தெரியும். வராது, பயப்படாதீங்க எண்டு ஒரு வொய்ஸ் போட்டு விடுங்க. ஒரு சொல்லுத்தானே சேர்."

ஒரு சொல்தான். அதே சொல்லை முன்பு ஒரு தரம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறேன். அதனால் நாலு பேருக்கு உயிர் போகப் பார்த்தது. என்னையும் சேர்த்தால் ஐந்து பேருக்கு. "யோசிச்சிட்டுச் சொல்றன் மகள்" என்று வைத்துவிட்டேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

மலைநாட்டில் இரண்டு வருடம் பயிற்சி. குளிரும் அட்டைக்கடியும், பரீட்சைக்கு முதல் நாள் மனனம் செய்த நோய்களின் பட்டியலும்தான் அதில் மிஞ்சியவை. முதல் நியமனம் பொத்துவிலில். அங்கே ஒரு வீட்டில் சின்னப் பிள்ளைக்குக் கொப்புளிப்பான் அம்மை போட்டிருந்தது. அதே கிழமையில் அந்த வீட்டுக் கோழிகளுக்கும் கொண்டையிலும் கண்ணோரத்திலும் அம்மை. பிள்ளைக்குக் கோழியிலிருந்துதான் தொற்றியது என்று முடிவு கட்டி, தகப்பன் அத்தனை கோழியையும் கொன்று புதைக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்தார். முட்டை விற்றுத்தான் அந்த வீட்டில் பாதி அடுப்பு எரிந்தது. தாய் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டு நின்றார்.

நான் புதுச் சட்டையோடு போய் நின்று, படித்ததை அப்படியே ஒப்புவித்தேன். கோழியம்மை கோழிக்கு மட்டும்தான், பிள்ளைக்கு வராது, பிள்ளையின் வருத்தம் கோழிக்கும் போகாது என்றேன். அவர் மண்வெட்டியைப் போட்டார். பிள்ளையும் சுகப்பட்டது, கோழிகளிலும் பெரும்பாலானவை தப்பின. சொன்னது சரியான விடயம்தான். ஆனால் அந்தத் தாயின் முகம் தெளிந்ததைப் பார்த்த சுகம் இருக்கிறதே, அது எனக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதற்குப் பிறகு எங்கே போனாலும் எனக்கு வாய் நிறைய வராதுதான். மாட்டு வருத்தமா, வராது. ஆட்டுச் சொறியா, வராது. கேட்கிறவர் கேள்வியை முடிக்கும் முன்னரே நான் முடித்துவிடுவேன்.

பல வருடம் பல கந்தோர் சுற்றிவிட்டு ஊர்ப்பக்கம் மாற்றலாகி வந்தபோது, என் மேலதிகாரியாக இருந்தவர் டொக்டர் கமலவேணி. திருக்கோவில் என்ற ஊர்ப் பக்கத்துப் பெண். ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி, எந்நேரமும் ஒரு சிவப்பு மட்டைக் கொப்பி. என்னைவிட வயதில் குறைந்தவர். அதனால் ஆரம்பத்தில் எனக்குக் கொஞ்சம் ஏறுமாறாகத்தான் இருந்தது. அவரோ என்னிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு முறுக்கிக்கொண்டிருப்பேன்.

அவருக்கு ஒரு பழக்கம். நோய் மாட்டைப் பார்க்கப் போனால், தொழுவத்துக்கு ஐந்தாறு அடி தள்ளி நின்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். ஐந்து நிமிடம் அப்படியே நிற்பார். மணிக்கூட்டைப் பார்த்து ஐந்து நிமிடம். மாடு எப்படி நிற்கிறது, எந்தக் காலை மாற்றுகிறது, காது எந்தப் பக்கம் திரும்புகிறது, சாணம் எப்படி, எல்லாவற்றையும் கண்ணாலேயே எடுப்பார். மாட்டுக்காரர் அவசரப்பட்டு வாயைத் திறந்து காட்ட வந்தால், "நில்லுங்க ஐயா, அது தானா என்னத்தக் காட்டுது எண்டு பாப்பம்" என்பார். என்னையும் பார்த்து, "ஜவ்பர், கையப் பின்னால கட்டுங்க. கை முந்தினா கண் வேலை செய்யாது" என்பார்.

எனக்கு அது பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்குவது போல இருக்கும். அவர் முன்னால் கட்டுவேன். அவர் இல்லாத இடத்தில் கட்டமாட்டேன்.

இன்னொன்று, வராது என்ற சொல்லே அவர் வாயில் வராது. "இந்த வருத்தம் ஆக்களுக்கு வந்ததா நாம காணல்ல" என்பார். "இந்த மாட்டுக்கு இப்ப இருக்கிறது அந்த வருத்தம்தான் எண்டா" என்று முன்னால் ஒரு வால் வேறு கட்டுவார். கேட்கிறவர்கள் கடைசியில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மெதுவாக, "வராது, வராது" என்று தலையாட்டுவேன்.

அந்த வருடம் கால்-வாய் நோய் கடும்பரவலாக இருந்தது. மாட்டின் வாயும் குளம்பும் புண்ணாகி, எச்சில் ஒழுகி, நடக்க முடியாமல் படுத்துவிடும். சிறுபோக வெள்ளாமை வெட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. கிழமை முழுக்கத் தடுப்பூசி போட்டோம். இதற்குள் பால் குடித்தவர்களுக்கு வாயில் புண் வருகிறது என்று ஒரு கதை கிளம்பி, பால் வாங்குவதைச் சனம் நிறுத்திவிட்டது. பள்ளிவாசல் நிருவாகத்தார் என்னைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்கள்.

நான் எழுந்து நின்று, "இது மாட்டு வருத்தம். மாட்டு வருத்தம் மனுசருக்கு வராது. பயப்படாம மாட்டைப் பராமரியுங்க, வாயைக் கழுவுங்க, பாலைக் காச்சிக் குடியுங்க" என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சனத்தின் முகம் தெளிந்தது. வெளியே வரும்போது பலர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் போனது, ஒளிப்பானேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆதம்பாவா காக்கா கந்தோருக்கு வந்தார். எங்கள் ஊர்க்காரர்தான்; அண்ணன் முறையானவரை நாங்கள் காக்கா என்போம். மூன்று மாடும் ஒன்றரை ஏக்கர் வயலும் உள்ள மனிதர். வெற்றிலை போட்ட வாய், சிரிக்காமல் பகிடி விடுகிறவர். "சேர், சிவப்பிக்கு ரெண்டு நாளா வாயால வடியிது. தண்ணியும் குடிக்கிதில்ல. மாங்காக் காலம், கொட்டை கிட்டை தொண்டையில சிக்கிட்டோ தெரியாது. ஒருக்கா வந்து பாருங்க" என்றார்.

டொக்டர் அம்பாறையில் கூட்டத்துக்குப் போயிருந்தார். வர வெள்ளிக்கிழமை ஆகும். நான் மோட்டார் சைக்கிளில் போனேன். சிவப்பி மாமரத்தடியில் கட்டியிருந்தது. வாயிலிருந்து நூல் நூலாக எச்சில். கையுறை தடுப்பூசி வேலையில் முடிந்துபோயிருந்தது. கையைப் பின்னால் கட்டவும் இல்லை, ஐந்து நிமிடம் நிற்கவும் இல்லை. காக்காவின் மச்சான் கொம்பைப் பிடிக்க, நான் நாக்கை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைத் தொண்டை வரை விட்டுத் துழாவினேன். கொட்டை ஒன்றும் அகப்படவில்லை. நாக்கின் ஓரத்தில் ஒரு புண் தெரிந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"கொட்டை இல்ல காக்கா. அதே வருத்தம்தான். ஊதாக் கொண்டிஸ் மருந்து கலந்த தண்ணியால காலையும் பின்னேரமும் வாயைக் கழுவுங்க" என்றேன்.

"கைய விட்டுக் கழுவுறத்தால நமக்கு ஒண்டும் இல்லையே சேர்?"

"நான் இப்ப கைய விட்டன்தானே. வராது."

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காரும்போதுதான் ஆட்காட்டி விரல் எரிந்தது. தடுப்பூசிக் குப்பிகளின் தகர மூடியைக் கழற்றும்போது கீறிய காயம். பெரிதாக நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை டொக்டர் கந்தோருக்கு வந்தார். கிழமை அறிக்கையை வாசித்துக்கொண்டு வந்தவர், ஆதம்பாவா காக்காவின் பெயரில் பேனையை நிறுத்தினார்.

"இந்த மாட்டுட குளம்பு எப்பிடி இருந்த?"

நான் குளம்பைப் பார்க்கவில்லை. "வாயில புண் இருந்த டொக்டர்" என்றேன்.

"நான் குளம்பக் கேட்டன். சரி, மத்த ரெண்டு மாட்டுக்கும்?"

"அதுகள் சுகமா நிண்டது."

அவர் கொப்பியை மூடினார். கால்-வாய் நோய் ஒரு வீட்டுக்குள் வந்தால் மற்ற மாட்டை விட்டு வைக்காது. அதைச் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல எனக்குச் சொல்லத் தேவையில்லை. அவர் சொல்லவும் இல்லை. "கையுறை போட்டனீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம் டொக்டர்" என்றேன். இருபத்தைந்து வருட சேவையில் நான் சொன்ன பொய்களில் இதைப் போல வெட்கம் கெட்ட பொய் வேறொன்று இல்லை.

கெப் வண்டியில் போய் இறங்கியபோது வாசலில் ஒரு கூட்டம் நின்றது. சிவப்பி அடைத்த தொண்டையால் கத்திக்கொண்டு மாமரத்தை முட்டியது. பின்னங்கால்கள் தள்ளாடின. டொக்டர் தள்ளி நின்று கையைப் பின்னால் கட்டினார். அன்று நானும் கட்டினேன். ஐந்து நிமிடம் அப்படியே நின்று பார்த்தோம். குளம்புகள் நான்கும் சுத்தமாக இருந்தன. வாயோரத்தில் கயிற்றைக் கடித்துப் பிய்த்த காயங்கள். நான் செவ்வாய்க்கிழமை கண்டதும் அப்படி ஒன்றுதான்.

"ஐயா, இதை நாய் ஏதும் கடிச்சதா?"

"நாய் இல்ல டொக்டர்," என்றார் ஆதம்பாவா காக்கா. "ஒண்டரை மாசம் இரிக்கும், வயல்ல நரி ஒண்டு மூக்குல கடிச்சிட்டு ஓடின. அது ஆறிட்டு."

"விசராத்தான் இருக்கும் எண்டு நினைக்கிறன்" என்றார் டொக்டர், எல்லாருக்கும் கேட்கும்படி. "தலையை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாத்தான் நிச்சயம் சொல்லலாம். அது வரைக்கும் காத்திருக்க ஏலாது. வாயில கை வச்ச ஆக்கள் எல்லாரும் இண்டைக்கே ஆசுபத்திரிக்குப் போய் ஊசி போடணும்."

வெறிநாய்க்கடியால் வருகிற அந்த விசர் என்றால் எங்கள் பக்கத்தில் பயம் வேறு. கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். வருத்தத்தின் குணங்குறி மனிதருக்குத் தொடங்கிவிட்டால் பிறகு மௌத்துதான், வைத்தியம் இல்லை. தொடங்கும் முன் ஊசி போட்டால் தப்பலாம். அந்த இடைவெளிக்குள்தான் எல்லாம் இருக்கிறது. ஆதம்பாவா காக்காவின் கையைப் பார்த்தேன். தேங்காய் உரிக்கும்போது வெட்டிய பெருவிரலைச் சுற்றி அழுக்குச் சீலைத்துண்டு. அந்தக் கையால்தான் மூன்று நாளாகக் காலையும் பின்னேரமும் நான் சொன்னபடி கழுவியிருக்கிறார்.

அவர் அசையவில்லை. "நான் போகல்ல. தொப்புளச் சுத்திப் போடுவாங்களாம். வெள்ளாமை வெட்டுக் கிடக்கு. அதோட, மாட்டு வருத்தம் மனுசனுக்கு வராது எண்டு மைக்கில சொன்ன ஆரு? இந்தா நிக்கிற சேர்தானே. அவரும்தான் வெறுங்கைய முழங்கை மட்டும் விட்டுப் பாத்தார். அவர் ஊசி போட்டாரா?"

வாசலில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நிலம் பிளந்தால் இறங்கிப் போயிருப்பேன். டொக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். ஆட்காட்டி விரலைப் பார்த்தார்.

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை."

"இண்டைக்கு வெள்ளி. சரி." அவ்வளவுதான். பொய்யைப் பற்றி ஒரு சொல் இல்லை. பைப்படிக்கு எங்கள் இருவரையும் கூட்டிப்போய், சிவப்புச் சவர்க்காரத்தைத் தந்து, ஓடுகிற தண்ணீரில் கையைக் கழுவ வைத்து, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாள் பிந்தினாலும் கழுவத்தான் வேண்டும் என்றார். பதினைந்து நிமிடம். ஆதம்பாவா காக்கா முணுமுணுத்துக்கொண்டு கழுவினார். நான் முணுமுணுக்கவும் இல்லை.

கழுவிய பிறகும் காக்கா ஊசிக்குச் சம்மதிக்கவில்லை. வேறு யார் யார் தொட்டார்கள் என்று கேட்டதற்கு, "ஊரே வந்து பாத்திச்சு. எல்லாருக்கும் பயமில்ல எண்டுதானே சொல்லியிரிக்கி" என்றார். கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. டொக்டர் சிவப்பியின் பக்கம் யாரும் போகக்கூடாது என்று கயிறு கட்டிவிட்டு வண்டியில் ஏறினார்.

வழியில் என்னால் அடக்க முடியவில்லை. "டொக்டர், கோழியம்மை வராது, கால்-வாய் வராது. இது மட்டும் ஏன்?" என்று கேட்டேன். இவ்வளவு கால சேவைக்குப் பிறகு கேட்கிற கேள்வியா என்று அவர் கேட்கவில்லை.

"வைரசுக்குத் தனிய ஒண்டும் செய்ய ஏலாது ஜவ்பர். அதுக்கு அடுப்பும் இல்ல, சட்டியும் இல்ல. ஒரு உயிருட கலத்துக்குள்ள பூந்து, அந்தக் கலத்துட குசினியிலதான் அது தன்னப் பெருக்கணும். முதல்ல பூர வேணும். கலத்துட மேற்தோல்ல அது பிடிக்கிறதுக்குத் தோதான ஒரு பிடி இருக்கணும். மாட்டுட கலத்துல இருக்கிற பிடி அதே மாதிரி நம்மட கலத்துல இல்லாட்டி வெளியிலயே நிண்டு அழிஞ்சு போகும். சிலது பூந்திரும். கோழியம்மை வைரஸ் நம்மட கலத்துக்குள்ள பூரும். ஆனா உள்ளுக்குப் போனா அதுக்குத் தேவையான சாமான் இருக்காது, இல்லாட்டி நம்மட கலத்துட காவல் அதைப் பிடிச்சிரும். சமையல் பாதியில நிண்டிரும். புதுசா வைரஸ் குஞ்சு வெளிய வராது."

"விசருக்கு?"

"அது நரம்பும் தசையும் சேர்ற இடத்துல பிடிக்கிற. அந்த இடம் நரிக்கும், நாய்க்கும், மாட்டுக்கும், ஒங்களுக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. அதுக்கு எல்லா வீடும் ஒண்டுதான். மாட்டு வருத்தம், நாய் வருத்தம் எண்டு நாமதான் பேர் வச்சிருக்கம். வைரசுக்கு அந்தப் பேர் தெரியாது."

கால்-வாய் வைரஸ் மனிதரில் ஏன் அநேகமாகப் பிடிப்பதில்லை என்பதற்கு முழு விடை தனக்கும் தெரியாது என்றார். தெரியாது என்பதை அவர் சொன்ன விதத்தில் ஒரு வெட்கமும் இல்லை. நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

பள்ளிவாசல் சந்தி வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். "இண்டைக்கு ஜும்ஆ. பிழையா விளங்கினது இஞ்சதான். சொன்ன இடத்திலயே போய்ச் சொல்லுங்க. சொல்லிட்டு அப்பிடியே ஆசுபத்திரிக்குப் போங்க. நான் இப்பவே கோல் எடுத்துச் சொல்லி வைக்கிறன்."

"டொக்டர், நானும் கை வச்சதச் சொல்லணுமா?"

"அதைச் சொல்லாட்டி ஆரு வருவாங்க?"

தொழுகை முடிந்தது. நிருவாகத்தாரிடம் கேட்டு மைக்கைக் கையில் எடுத்தேன். அதே மைக், அதே சனம். ஆதம்பாவா காக்கா மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.

"போன வெள்ளிக்கிழமை நான் இஞ்ச நிண்டு, மாட்டு வருத்தம் மனுசருக்கு வராது எண்டு சொன்னன். அது பிழை. கால்-வாய் வருத்தம் மட்டும்தான் எண்டு சொல்லியிருக்கணும். வாயால வடியிற எல்லா மாடும் அந்த வருத்தம் இல்ல எண்டும் சொல்லியிருக்கணும். ஆதம்பாவா காக்காட மாட்டுக்கு விசர் எண்டு டொக்டர் சந்தேகப்படுறா. நான் அந்த மாட்டுட வாயில கையுறை இல்லாமக் கைய விட்டன். டொக்டர் கேக்கக்குள்ள போட்டன் எண்டு பொய்யும் சொன்னன். என்ட விரல்ல காயம் இரிக்கி. எனக்குப் பயமா இரிக்கி. என்னை நம்பித் தொட்ட ஆக்கள் என்னை மன்னிச்சு, என்னோட வாங்க."

பொய்யையும் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்து எழுந்திருக்கவில்லை. வாய் திறந்ததும் அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. மூன்றாவது வரிசையிலிருந்து ஆதம்பாவா காக்கா தலையை நிமிர்த்தினார்.

"சேர், நீங்க எப்ப போறீங்க?"

"இப்பவே காக்கா."

"அப்ப நானும் வாறன்" என்று எழுந்தார். அவருக்குப் பின்னால் கொம்பு பிடித்த மச்சான் எழுந்தார். கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். அவர் பக்கத்து வீட்டுக்காரர், புதன்கிழமை மாட்டின் வாயைப் பிளந்து பார்த்ததை அதுவரை யாருக்கும் சொல்லவில்லை. ஒலிபெருக்கி வீடுகளுக்கும் கேட்கும். நாங்கள் வெளியே வரும்போது காக்காவின் மனைவி முக்காட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். எச்சில் துடைத்த சீலைகளைக் கையால் கசக்கியது அவர்தான். ஐந்து பேர் இரண்டு ஓட்டோவில் போனோம்.

ஆசுபத்திரியில் ஆதம்பாவா காக்கா கட்டிலில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு சட்டையை நெஞ்சு வரை உயர்த்தினார். தாதி, "ஐயா, சட்டைய இறக்குங்க. தொப்புள் வேண்டாம், கைதான் வேணும்" என்றதும் அந்த அறையே சிரித்தது. எனக்கு முதலில் போட்டார்கள். காக்கா கட்டிலில் இருந்தபடி என் முகத்தை உற்றுப் பார்த்தார். கையில் போட்டது ஒன்றும் இல்லை. விரல் காயத்தைச் சுற்றிப் போட்ட மருந்துதான் உயிரை எடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைக் காட்டாமல் இருந்தேன், அவர் திரும்பிப் போய்விடுவாரோ என்று.

சனிக்கிழமை காலை சிவப்பி செத்தது. டொக்டர் தடித்த கையுறை, கண்ணாடி, முகமூடி எல்லாம் போட்டு, என்னையும் போட வைத்து, தானே தலையை வெட்டி எடுத்தார். இரண்டு தடித்த பொலித்தீனில் சுற்றி, மீன் ஏற்றுகிற ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் நிரப்பி வைத்தோம். ஐஸ் வாங்கப் போன இடத்தில் முதலாளி, "என்ன மீன் சேர், பாரையா சூரையா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் வந்தேன். உடலை ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். கந்தோர் வண்டி பெட்டியைக் கொழும்புக்குக் கொண்டுபோனது.

அடுத்த கிழமை நடுவில் முடிவு வந்தது. விசர்தான். டொக்டர் அதைக் கொப்பியில் எழுதிவிட்டு, "அட்டையில அடுத்த ஊசி எப்ப?" என்று மட்டும் கேட்டார். ஐந்து பேரும் ஒரு நாள் தவறாமல் எல்லா ஊசியையும் போட்டு முடித்தோம். போட்ட பிறகும் எனக்குப் பயம் போகவில்லை. பல மாதம் அந்த விரல் கொஞ்சம் அரித்தாலும் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பேன், தொண்டையில் இறங்குகிறதா என்று. ஆதம்பாவா காக்காவைத் தெருவில் கண்டால் முதலில் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். அவரும் என் முகத்தைப் பார்ப்பார். "என்ன சேர், தண்ணி இறங்குதா?" என்று சிரிக்காமல் கேட்பார். ஐந்து பேரில் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

ஷிபானாவுக்கு அன்று பின்னேரம் குரலைப் பதிந்து அனுப்பினேன். தோலில் கட்டி வருகிற இந்த நோய் ஆட்களுக்குத் தொற்றியதாக நாங்கள் காணவில்லை, அந்த வைரஸ் எங்கள் உடம்பில் பெருகுவதில்லை, அந்தப் படத்தை நம்பிக் குர்பானை விட வேண்டாம் என்றேன். பிறகு, காய்ச்சலோடு நிற்கிற மாட்டை அறுக்கவோ வேறு ஊருக்கு ஏற்றவோ வேண்டாம், கட்டி இல்லாமல் வாயால் வடிகிற மாடு, விசர் பிடித்தது போல நடக்கிற மாடு எதையும் வெறுங்கையால் தொட வேண்டாம், கந்தோருக்குச் சொல்லுங்கள், தொட்டுவிட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு ஆசுபத்திரிக்குப் போங்கள் என்றேன்.

"சேர், நீளமா இரிக்கி. ஆக்கள் கேக்கமாட்டாங்க. முதல் துண்டை மட்டும் வெட்டிப் போடவா?"

"வெட்டினா போடாதீங்க மகள்."

போட்டாள், முழுதாக.

பெருநாளுக்கு நான்கு நாள் இருக்கையில் ஆதம்பாவா காக்கா கோல் எடுத்தார். "சேர், என்ட மாடு ஒண்டு வாயால வடியிது. வாங்க."

கையுறையைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். போய் இறங்கினால், மாமரத்தடியில் ஒரு கறுப்பு மாடு. அதிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி ஆதம்பாவா காக்கா, அவர் மனைவி, மச்சான், மூன்று பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

"குளம்பப் பாத்தனான், ஒண்டும் இல்ல. தோல்ல கட்டியும் இல்ல. மத்த ரெண்டும் சுகமா நிக்கிது," என்றார் காக்கா. "கடிகாயம் ஒண்டும் கண்ணுக்குத் தெரியல்ல. ஒருத்தரும் தொடல்ல. கந்தோருக்கும் சொல்லிட்டன், டொக்டர் வாறார்."

டொக்டர் கமலவேணி மாற்றலாகிப் போய்ப் பல வருடம். இப்போது இருப்பவர் இளம் ஆள். ஷிபானாவோடு வந்தவர் தானும் தள்ளி நின்று பார்த்தார். பிறகு வாயை ஒரு கருவியால் திறந்து வைத்து, தோள் வரை நீளும் கையுறை போட்டுக்கொண்டு, மெல்லத் தொண்டைக்குள் கையை விட்டார். வெளியே எடுத்தபோது விரல்களுக்கிடையில் ஒரு மாங்கொட்டை இருந்தது. மாடு தலையை உதறிவிட்டுத் தண்ணீர்ச் சட்டியில் வாயை வைத்தது.

ஷிபானா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஆதம்பாவா காக்கா சிரிக்கவில்லை. இன்னும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாடு தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்டைக்கும் மாங்கொட்டையா இரிக்கும் எண்டுதானே சேர் நீங்க முதல்ல கைய விட்டீங்க" என்றார்.